ஒரு அடி, ஓர் இழுப்பு

கட்டைவிரல் பாதி சாய்ந்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். முழுக்கச் சாய்த்தால் அவன் ஓடுவான், ஓடினால் அவளால் கூட வர முடியாது. விரல் தளர்ந்தால் அவன் நிற்பான், நின்றால் அவள் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தவள் பிறகு எழுவதில்லை. ஒரு அடி, ஓர் இழுப்பு. ஒரு அடி, ஓர் இழுப்பு. அடி அவளுடைய நல்ல கால். இழுப்பு பாம்பு கடித்த கால். டி.வி.யில் அவள் தெரிவதில்லை, அவனும் தெரிவதில்லை, அவன் கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான் நமக்கும்: பாறை இடுக்கில் ஏறிப் போகும் வழி, வழியின் இடது பக்கம் பள்ளம், பள்ளத்திலிருந்து எழும் புகை. என் மகன் சபரி இதைக் கிரேக்க நாட்டுக் கதை என்றான். பெண்டாட்டி பாம்பு கடித்துச் செத்துப் போகிறாள், புருஷன் எமலோகத்துக்கே இறங்கிப் போய்ப் பாட்டுப் பாடி எமனை இளக வைக்கிறான், சரி கூட்டிக்கொண்டு போ, ஆனால் மேலே வெளிச்சத்துக்குப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே என்கிறான் எமன். இறங்கியது, பாடியது எதுவும் இந்த ஆட்டத்தில் இல்லை. ஏறுவது மட்டும்தான் ஆட்டம். ஒரு மணி நேர வழியை ஒரு மணி நேரம்தான் ஏற வேண்டும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. மலைக்குள் அங்கங்கே விளக்கு மாடம் ஒன்று வரும், அங்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடலாம், தூங்கலாம், அதுவும் விளக்கில் எண்ணெய் இருக்கும்வரைதான். ஒரு மாடத்துக்கும் அடுத்த மாடத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம். தப்பு செய்தால் நாமாகவே மறுபடி அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். இதை உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கி ஆடுகிறார்கள். ஜாய்ஸ்டிக்கில் இடது குமிழ் கால், வலது குமிழ் கழுத்து. வலது குமிழைத் தொடக் கூடாது. என் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கிறேன். அது வெளியே வர ஆசைப்படுகிறது. எறும்பு ஊர்வது போல இருக்கிறது.

பத்தே முக்காலுக்குச் சபரி இதை என் கையில் கொடுத்தான். கொடுத்தான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. என் மடியில் வைத்து, என் விரலை எடுத்துக் குமிழின்மேல் பதித்து, தன் விரலை மெதுவாக உருவிக்கொண்டான், தூங்கும் குழந்தையைக் கை மாற்றுவது போல. எண்ணெய் தீரப் போகிறது, கிளம்பித்தான் ஆக வேண்டும், எனக்கு வெளியே ஒரு வேலை, அடுத்த மாடம் வருவதற்குள் வந்துவிடுவேன் என்றான். “எந்திரிக்காதீங்க. தலையத் திருப்பாதீங்க, தலை திரும்பினா கை திரும்பும். யாராச்சும் வந்தாக்கூட வளவளன்னு பேசாதீங்க, அவ கால் சத்தம் கேக்காமப் போயிரும்.” நான் எப்போது வளவளவென்று பேசினேன். “இத விட்டீங்கன்னா அப்பறம் உங்களோட பேசவே மாட்டேனுங்கப்பா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பேச மாட்டேன் என்று அவன் சொன்னால் பேச மாட்டான். பிரவீணாவோடு நாற்பது நாள் பேசவில்லை, ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு. நான் எண்ணினேன். என்னைத் தவிர யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாற்பத்தோராவது நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பல்லடத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு அடி, ஓர் இழுப்பு. பிரவீணா என் மருமகள், இன்னும் மருமகள்தான், அடுத்த வியாழக்கிழமை கோர்ட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடும்வரைக்கும். இன்றைக்குப் பன்னிரண்டு மணிவாக்கில் வருகிறாள். சீர் கொண்டுவந்த சாமான்களை எடுத்துப்போக வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா போன் பண்ணினாள். “ஏனுங்ண்ணா, மாப்பிள்ளை கூப்பிட வேண்டாமுங்க, அவர் கூப்பிட்டாலும் இவ கேக்க மாட்டா. நீங்க ஒரு வார்த்தை இருன்னு சொன்னீங்கன்னா இருந்துக்கறன்னு சொல்றாளுங்க. போன்ல வேண்டாமாம். மாமா எதுத்தாப்புல நின்னு, மூஞ்சியப் பாத்துச் சொல்லோணுமாம். இந்த ரெண்டு வருசத்துல ஒரு நாள் என்ற மூஞ்சியப் பாத்து மாமா பேசுனதில்லைங்கறா.” உண்மைதான். மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பை நகர்த்துவேன், அவள் கொண்டுவந்து வைப்பாள். இரு அம்மிணி, போக வேண்டாம். நான்கு நாளாக முகம் மழிக்கும்போது கண்ணாடியில் சொல்லிப் பார்க்கிறேன். இரு அம்மிணி, போக வேண்டாம். நான்கே வார்த்தை. முதல் நாள் இரு என்பதற்குள்ளேயே கண் கண்ணாடியை விட்டுக் கீழே போய்விட்டது, நேற்று முழுக்கச் சொன்னேன். இன்று வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன். அடுத்த மாடம் ஒன்றே முக்காலுக்குத்தான் வரும்.

வந்தால் என்ன, சபரி வரும்வரை உட்காரச் சொல்லலாம். வாசலில் வண்டி நிற்கும்போது யார் உட்காருவார்கள். விரல் நுனி வெளுத்துவிட்டது. ஒன்றுக்குப் போக வேண்டும் போல இருக்கிறது, உட்காருவதற்கு முன்னாலேயே போயிருக்கலாம், அவன் விடவில்லை, எண்ணெய் எண்ணெய் என்று பறந்தான். முப்பத்து மூன்று வயது. வேலையை விட்டு எட்டு மாதம். மேலே போய்ச் சேர்ந்தால் என்னடா கிடைக்கும் என்று கேட்டேன் ஒரு நாள், ஒண்ணுமில்லைங்கப்பா, அவ முகம் தெரியும் என்றான். அந்த முகத்துக்காக இது மூன்றாவது தடவை அடிவாரத்திலிருந்து ஏறுகிறான். முதல் தடவை கெடுத்தது நான்தான், வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மார்கழியில் ஒரு நாள் குளிக்கப் போகும்போது ஐந்து நிமிஷம் பிடித்துக்கொள்ளச் சொன்னான், திரும்பிப் பார்க்கக் கூடாதுங்கப்பா, பின்னாடி செத்துப் போனவ வர்றா என்றான், அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது தெரியாதா. என் வீட்டுக்காரி ராமாத்தாளை மயானத்துக்குக் கொண்டுபோனபோது இவன்தான் பானையைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கொள்ளியைப் பின்பக்கமாக வைத்தான், திரும்பிப் பாக்காம நடங்க சாமி என்று நாவிதர் இவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். திரும்பினால் போகிறவளுக்கு ஆசை விடாது, கூடவே வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்காகத்தான் திரும்பக் கூடாது. நாங்கள் அத்தனை பேரும் முதுகில் அந்தச் சூடு அடிக்க அடிக்க ரோடு வரைக்கும் நடந்தோம். ஆகவே ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கியதும் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன், குமிழை முழுக்கச் சாய்த்து, அந்தப் பாவி மனுஷனைத் தப்பிக்க வைக்க ஓட்டினேன், பின்னால் அவள் இழுத்து இழுத்து வருவது கேட்டது, இன்னும் ஓட்டினேன், சத்தம் நின்றது. துண்டோடு வந்து நின்ற சபரியிடம், போயிட்டா சாமி, இனி வர மாட்டா என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பிரவீணா சமையல்கட்டில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சபரியும் கடைசியில் சிரித்துவிட்டான். வரணுங்கப்பா, அவ வரணும், அதுக்குத்தான் இத்தனை பாடு என்றான்.

எனக்கு அது இன்னும் தெளியவில்லை. அங்கே திரும்பாமல் நடந்தால் வர மாட்டாள், இங்கே திரும்பாமல் நடந்தால் வருவாள். ஒரே கழுத்து. அந்தக் கிரேக்க நாட்டுக்காரன் மயானத்தில் என்ன செய்வான், திரும்பித் திரும்பிப் பார்ப்பானா. ஒரு அடி, ஓர் இழுப்பு. இழுப்பு கொஞ்சம் நீளமாகிறதா. விரலை ஒரு நூல் தளர்த்துகிறேன். ஒரு அடி, ஓர் இழுப்பு. சரியாகிவிட்டது. இரண்டாவது தடவை கெடுத்தது பிரவீணா. மாசி மாதம், அவள் சித்தப்பா மகள் கல்யாணம், புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு இந்த ஹாலுக்கு வந்து இவன் பின்னால் நின்று, இங்க பாருங்க, நல்லாருக்கா என்றாள். அவன் பார்த்தான். தலை திரும்பியது, கை திரும்பியது, டி.வி.க்குள் கழுத்து திரும்பியது, ஒரு நொடி வெள்ளையாக ஏதோ தெரிந்து புகைக்குள் போய்விட்டது. உன்னாலதான் செத்தா என்றான் பிரவீணாவைப் பார்த்து. யாரு செத்தா என்றாள் அவள், மடிப்பைப் பிடித்துக்கொண்டு. நான் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு நானும் அவளும்தான் போனோம், பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். என் தடவைக்குச் சிரித்தான், அவள் தடவைக்கு நாற்பது நாள். நான் ஐந்து நிமிஷத்தில் கெடுத்தேன், அவள் ஒரு கேள்வியில் கெடுத்தாள். புடவை பச்சையில் அரக்குக் கரை. நன்றாகத்தான் இருந்தது, ஓரக்கண்ணால் பார்த்தேன், சொல்லவில்லை, மாமனார் சொல்லும் விஷயமா அது.

கீழே வண்டி நிற்கும் சத்தம். குட்டியானைதான், சாமான் ஏற்றும் சின்ன லாரி, அதற்குத்தான் இந்த இருமல். மணி பன்னிரண்டு ஆகவில்லை. படியில் இரண்டு பேர், முன்னால் வருவது கனத்த ஆள், ரப்பர் செருப்பு, பின்னால் வருவது அவள். எனக்குத் திரும்ப வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அத்தனை பேரும் எனக்குப் பின்னால்தான் நின்றார்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், ஸ்கேனுக்குப் போகிறவர்கள், கீழ்த்தளத்துப் பிணவறைக்கு ஸ்ட்ரெச்சரில் போகிறவர்களும். யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை, மாடி எது என்று கேட்டதோடு சரி, மூச்சை வைத்தே தெரிந்துவிடும். கீழ்த்தளம் போகும்போது பின்னால் ஒரு மூச்சு குறையும். கதவு திறந்துதான் இருக்கிறது. தரையில் டக், டக் என்று ஒரு சின்னச் சத்தம். மெட்டி. கழற்றவில்லை. வியாழக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறவள் மெட்டியைக் கழற்றவில்லை. விரல் அசைந்துவிடும் போல இருக்கிறது. “மாமா” என்றாள். ஒரு அடி, ஓர் இழுப்பு. “மாமா, நான்தானுங்க.” “வா அம்மிணி” என்றேன், டி.வி.யைப் பார்த்து. இரண்டு வார்த்தை, அதற்குள் ஓர் இழுப்பு கேட்காமல் போயிற்று, அடுத்தது கேட்டது. அவள் என் முதுகுக்குப் பின்னாலேயே கொஞ்சம் நின்றாள். சோப்பு வாசனை, பஸ் வாசனை. பிறகு மெட்டி உள்ளறைப் பக்கம் போனது.

பீரோவை நகர்த்துகிறார்கள். பீரோ காலுக்கு அடியில் அட்டை வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிட்டு நகர்த்தினால் கிறீச்சிடாது, சொல்ல வேண்டும், சொல்லவில்லை. வண்டிக்காரர் மூச்சு வாங்க வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “ஏனுங்கய்யா, கேமுங்களா?” “ம்.” “எம்பட பையனும் இப்படித்தானுங்க, செவுனில நாலு போட்டாலும் விட மாட்டீங்கறான். இதென்னுங்க, ஆளே காணோம்? சுடறதுக்கு யாரும் வர மாட்டாங்களா?” “வர மாட்டாங்க.” “அப்பறம் என்னத்துக்குங்க ஆடறது?” உள்ளேயிருந்து பிரவீணா, “அண்ணா, அவரத் தொந்தரவு பண்ணாதீங்க, அங்க பின்னாடி ஒருத்தி வந்துட்டு இருக்கறா” என்றாள். “எங்கீங்க?” என்று வண்டிக்காரர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார், அவர் செருப்பு திரும்பும் சத்தம் கேட்டது. அவள் சிரித்தாள். அந்தக் கரண்டி விழுந்த சிரிப்பு இல்லை. பாத்திரங்கள் மூட்டைக்குள் போகின்றன, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சம்புடங்கள். “கிரைண்டர நீங்களே வெச்சுக்கங்க மாமா, கல்லு பேந்து போச்சு. உங்க பையன் எங்கீங்க, ஒளிஞ்சுட்டாராக்கும்?” “வேலைன்னு போனான்.” “வேலையா, அவுருக்கா?” ஒரு அடி, ஓர் இழுப்பு. “அந்த நொண்டிக்காரி எப்படி இருக்கறாங்க? மேல போய்ச் சேர்ந்துட்டாங்களா?” “இன்னும் இல்ல அம்மிணி.” “பாவம்” என்றாள். மெட்டி வந்து என் நாற்காலிக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. இப்போது திரும்பலாம். நாற்காலியை விட்டு எழுந்து, திரும்பி, அவள் முகத்துக்கு எதிரில், இரு அம்மிணி, போக வேண்டாம். எழுந்தால் விரல் போகும். போனால் போகட்டும், சபரி பேச மாட்டான், பேசாவிட்டால் என்ன, இந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே வாய் அதுதான், சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஃபேனைக் குறைங்க, அவ்வளவுதான் பேசுவான், அதுவும் இல்லாமல் நாற்பது நாள், இல்லை, என்னோடு என்றால் எத்தனை நாளோ. இவள் இருந்தால் இவள் பேசுவாள். மூஞ்சியைப் பார்த்துப் பேச வேண்டும் என்பாள். ஒரு அடி, ஓர் இழுப்பு. “நீங்க எந்திரிக்க மாட்டீங்கன்னு எனக்கு முன்னாடியே சொல்லியாச்சுங்க மாமா” என்றாள். சத்தத்தைக் குறைத்துவிட்டாள், வண்டிக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று. “நேத்தே உங்க பையன் மெசேஜ் போட்டுட்டாருங்க. காலைல எங்கப்பா கையில ஜாய்ஸ்டிக்கக் குடுத்துட்டுப் போயிர்றேன், அவர் இருந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டாரு, இருன்னு கிருன்னு உன்னத் தடுக்க மாட்டாரு, வந்து எடுத்துட்டுப் போயிக்கன்னு. எங்கம்மாதான் அதப் படிச்சுட்டுப் போக வேண்டாம்னு சொன்னா. நான் பந்தயம் கட்டீட்டு வந்தனுங்க. மாமா அப்படி உக்காந்துட்டு இருக்க மாட்டாருன்னு.”

அப்படியானால் எண்ணெய் தீரவில்லை. எண்ணெய் தீர்ந்துபோகிறது என்று அவன் சொன்னான், நான் விளக்கைப் பார்க்கவில்லை, மாடத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் கொடுத்தான். இருன்னு கிருன்னு. சம்பந்தியம்மா இவனுக்கும் போன் பண்ணியிருக்கிறாள், அல்லது கண்ணாடி முன்னால் நான் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறான், கேட்டுவிட்டு என் விரலை எடுத்துக் குமிழில் வைத்தான், எவ்வளவு மெதுவாக வைத்தான். இப்போது எழலாம். இப்போது எழுவதில் ஒரு குற்றமும் இல்லை, என்னை ஏமாற்றி உட்கார வைத்தவனுக்கு நான் எதற்கு உட்கார வேண்டும். முழங்காலைச் சேர்த்தேன், நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றினேன். அப்போது பாலம் வந்தது. கல் பாலம், ஒரு ஆள் அகலம், இரண்டு பக்கமும் புகை. இதைப் பற்றிச் சபரி ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பாலத்தை மட்டும் தாண்டிவிடுகிறேன், தாண்டியதும் எழுந்துவிடுகிறேன், நடுவில் விட்டால் இரண்டு பேரும் விழுந்துவிடுவார்கள். பின்னால் அந்த இழுத்து வரும் கால் கல்லில் தேய்கிறது. அவளும் ஒருத்தி. இல்லை, அவள் ஒருத்தி இல்லை, டி.வி.யில் வரும் சத்தம். பாலத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், புகையில் மறுகரை தெரியவில்லை. “அம்மிணி, இந்த டி.வி.யும் நம்முளுதுங்களா?” என்று வண்டிக்காரர் கேட்டார். டி.வி. அவளுடையதுதான். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது, அட்டைப்பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது. நாற்காலிக்குப் பின்னால் நின்ற மெட்டிச் சத்தம் என் வலது பக்கமாக வந்தது, எனக்கு முன்னால் வந்தது. பிரவீணா என் எதிரில் வந்து நின்றாள். நான் எழுந்து திரும்ப வேண்டியதுகூட இல்லாமல் அவளாகவே வந்து எதிரில் நின்றாள், டி.வி.க்கும் எனக்கும் நடுவே, கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. பாலம் அவள் இடுப்புக்குப் பின்னால் மறைந்தது. நான் தலையை இடது பக்கம் சாய்த்தேன். பாலத்தின் விளிம்பு தெரிந்தது, விரலை ஒரு நூல் நகர்த்தி நேராக்கினேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாய்ந்த என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா” என்றாள். இரு அம்மிணி, போக வேண்டாம். வாய் திறந்தது. “டி.வி.ய மட்டும் சாயங்காலம் எடுத்துக்கிறியா அம்மிணி” என்றேன். என் குரல்தான். கண்ணாடியில் சொன்ன அதே குரல், அதே தணிவு, ஒரு திக்கல் இல்லாமல். நான் இரண்டு தடவை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாலத்தைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவள் திரும்பி டி.வி.யைப் பார்த்தாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்த்தது அப்போதுதான். “நீங்களே வெச்சுக்கங்க மாமா” என்றாள். “உங்க மூணு பேத்துக்கும் வேணுமல்ல.” வண்டிக்காரரைப் பார்த்து, “கட்டிலத் தூக்குங்கண்ணா, டி.வி. வேண்டாம்” என்றாள். கட்டில் சுவரில் இடித்துக்கொண்டு இறங்கிற்று. கடைசியாக வாசலில் நின்று, “நான் போறனுங்க” என்றாள். போயிட்டு வர்றேன் என்பதுதான் வழக்கம், சாவு வீட்டில் மட்டும்தான் இப்படி வர்றேன் என்று சொல்லாமல் போவார்கள். “சரி அம்மிணி” என்றேன். குட்டியானை இருமிக்கொண்டு போன பிறகு பாலம் முடிந்தது.

பாலம் முடிந்து வழி மறுபடி பாறை இடுக்குக்குள் போனது. ஒரு அடி. காத்திருந்தேன். ஒரு அடி. அது அவனுடைய அடி. அவனுடைய அடியை நான் இதுவரை தனியாகக் கேட்டதேயில்லை, அவளுடையதை எண்ணியே பழகிவிட்டேன். விரலை ஒரு நூல் தளர்த்தினேன், இன்னும் ஒரு நூல். ஒரு அடி, ஒரு அடி. எப்போது நின்றது. டி.வி.ய மட்டும் என்றபோதா, சாயங்காலம் என்றபோதா, வேணுமல்ல என்று இவள் சொன்னபோதா, கட்டில் இடித்தபோதா. பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறேன், கல்லில் தேய்ந்தது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு பிரவீணா எதிரில் வந்ததுதான் நினைவிருக்கிறது. தலையைச் சாய்த்தபோது விரல் நின்றிருக்கலாம், விளிம்பைப் பார்த்து அதிகம் சாய்ந்திருக்கலாம். டி.வி. ஒன்றும் சொல்லவில்லை. தப்பு என்று எழுத்து வரவில்லை, மணி அடிக்கவில்லை. இந்த ஆட்டம் சொல்லாது, சபரி ஒரு நாள் சொல்லியிருக்கிறான், நாமளாத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான் என்று. வலது குமிழை ஒரு தடவை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால் பார்த்த அந்த நொடியில் போய்விடுவாள், இல்லாவிட்டால் இல்லை. இப்படி ஒன்றைச் செய்து விற்றவனுக்குப் பெண்டாட்டி இருப்பாளா. மடக்கிய விரல் மரத்துப் போய்விட்டது, விரிக்கிறேன், விரிய மாட்டேன் என்கிறது. வேட்டி நனைந்துவிடும் போல இருக்கிறது. எழுந்து போகலாம், போய்விட்டு வரலாம், பின்னால் யாரும் இல்லை. ஆனால் இருந்தால். மூச்சை வைத்துக் கண்டுபிடித்தவன் நான், லிஃப்டில் கீழ்த்தளம் போகும்போது தெரியுமே. காதைக் கூர்மையாக்கினேன். ஒரு அடி, ஒரு அடி. மூச்சு குறைந்துதான் இருந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. ஒன்றே கால் மணி நேரம் அந்த இடுக்கில் தனியாக ஏறினேன், பாதி சாய்ந்த விரலோடு, நொண்டிக்காலுக்கு எந்த வேகம் சரிப்படுமோ அந்த வேகத்தில்.

மாடத்தின் விளக்கு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தபோது சபரி வந்தான். படியில் இரண்டிரண்டாக ஏறி வந்தான், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, “இருக்காளாப்பா?” என்றான். டி.வி.யைத்தான் பார்த்தான். “இருக்கா” என்றேன். “நல்லா வந்தாளா?” “நல்லா வந்தா.” உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். “எல்லாம் எடுத்துட்டாளா? டி.வி.ய விட்டுட்டா போல.” “வெச்சுக்கச் சொல்லீட்டா.” “பரவால்ல, நல்லவதான்” என்றான், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் விரலை என் விரல்மேல் வைத்தான். வியர்வை. நான் என் விரலை உருவிக்கொண்டேன், மெதுவாக, அவன் காலையில் செய்ததைப் போலவே. எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை. “சூப்பருங்கப்பா. இந்த எடந்தான் பயமா இருந்துச்சு. இதோட பாறை முடிஞ்சுது, மாடத்தத் தாண்டினா பூராவும் மணலுங்க. மணல்ல அவ காலடி கேக்கவே கேக்காது. நாப்பது மணி நேரம், மேல போற வரைக்கும். இருக்கறான்னு நம்பிப் போறதுதான்.” சொல்லிக்கொண்டே மாடத்தில் நிற்காமல் தாண்டினான். பாறை முடிந்து சாம்பல் நிறத்தில் மணல் விரிந்தது, டி.வி.க்குள் நடப்பவனுடைய அடியும் கேட்காமல் போயிற்று. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்தான், அவன் அம்மாவுக்கு அதே கண். ஆர்வத்தில் குமிழைக் கொஞ்சம் அதிகமாகவே சாய்த்தான். நான் அவன் முகத்தை நேராகப் பார்த்தேன், பார்ப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

“மெதுவாப் போ சாமி” என்றேன். “அவளுக்குக் கால் வலிக்கும்.”

சபரி தலையை ஆட்டினான், விரலை ஒரு நூல் தளர்த்திக்கொண்டான்.